கோடு விழாத ஞாயிற்றுக்கிழமை

அத்தியாயம் 7

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். துப்பறியும் நஞ்சுண்டன் இன்னும் பறந்து போகாததற்கு ஒரே காரணம், கினெட்டிக் ஹோண்டாவின் பின்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் அவர் பிடித்திருந்ததுதான்.

"சார், கம்பியைக் கொஞ்சம் விட்டுப் புடிங்க. கழண்டு வந்தா எங்கப்பா என்னைத்தான் கேப்பாரு" என்றாள் முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சண்முகப்பிரியா.

"நீ கொஞ்சம் வெரசாப் போ அம்மணி."

"போனாப் பயப்படறீங்க, நின்னாப் பறக்கறீங்க. எதுன்னு ஒண்ணு முடிவு பண்ணுங்க சார்."

நஞ்சுண்டனின் முழங்கால் அவள் சீட்டின் பின்னால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே இப்படித்தான். அவரிடம் உதவியாளாகச் சேர்ந்த மூன்று வருடத்தில் இந்த மனிதர் இவ்வளவு தவித்துப் பிரியா பார்த்ததில்லை. அவளுக்கும் பதற்றம்தான். அதை மறைக்கத்தான் வாய் ஓயாமல் பேசினாள்.

காலையில் ராம்நகர் ஆபீஸுக்கு ரூத் வந்தபோது ஆரம்பித்த அவசரம் இது. நிறைமாதக்காரி. நாற்காலியைக் காட்டினால், "வேண்டாமுங்க, உக்காந்தா எந்திரிக்க முடியறதில்ல" என்று மேசையைப் பிடித்தபடி நின்றுகொண்டே பேசினாள். ஞாயிற்றுக்கிழமை மாலை அவிநாசிப் பக்கத்துத் தோட்ட வீட்டில் பவுண்டரி முதலாளி பாலுசாமி தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். பக்கத்தில் கிடந்த ஸ்பேனர், ரூத்தின் கணவன் டேவிட்சனுடையது. டேவிட்சன் அந்தப் பவுண்டரியில் ஃபிட்டர். சனிக்கிழமைதான் முதலாளியோடு ஊரே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டிருந்தான். போலீஸுக்கு வேறென்ன வேண்டும்? திங்கட்கிழமை மாலை கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று மாலை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள், அங்கிருந்து நேரே ஜெயில்.

"ஸ்பேனரு பவுண்டரி செவுத்துலதானுங்க தொங்கும், யாரு வேணா எடுக்கலாம். அவரு கோவக்காரருதான், ஆனா கொலைகாரரு இல்லீங்க" என்றாள் ரூத். "புள்ளை பொறக்கறப்ப அவரு வெளிய நிக்கோணும். அது ஒண்ணுதானுங்க நான் கேக்கறது."

அவள் போன பிறகு நஞ்சுண்டன் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். "அந்தப் புள்ள உக்காராத வரைக்கும் நானும் உக்காரப்போறதில்ல."

"வண்டி சீட்டு கணக்குல வருமுங்களா சார்?" என்று கேட்ட பிரியாவை அவர் முறைத்தார்.

சந்தேகப்பட வேண்டிய ஆள் யாரென்று இருவருக்கும் தெரிந்தே இருந்தது. பாலுசாமியின் அண்ணன் மகன் சரவணன். பத்து வருடமாகப் பவுண்டரியைத் தன் சொந்தம்போல நடத்தியவர். பாலுசாமியோ அதை வரும் புதன்கிழமை தன் மகள் பெயரில் பத்திரம் பண்ணுவதாக இருந்தார். புதன்கிழமை வருவதற்குள் அவரே போய்விட்டார். இன்ஸ்பெக்டர் ஷேக் பரீத்துக்கும் இந்தக் கணக்குத் தெரியும். ஆனால் அவர் கையை விரித்துவிட்டார்.

"எனக்கும் அந்தாளு மேலதாங்க ஒரு கண்ணு இருந்துச்சு. என்ன பண்றது? அவரு ஹேம் ரேடியோக்காரரு, ஊட்டுல இருந்தே பொழுதுபோக்குக்கு ஊரூரா ரேடியோவுல பேசற ஆளு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கொலை நடந்த அதே நேரத்துல, சாய்பாபா காலனியில அவரு ஊட்டுல உக்காந்து ரேடியோவுல பேசியிருக்காரு. கேட்டவங்க நாப்பது பேரு. அது போதாதுன்னு பக்கத்து ஊட்டம்மா கதவைத் தட்டியிருக்குது, உள்ள அவரு குரல் கேட்டுச்சுன்னு கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்குது. ஒரே நேரத்துல அவிநாசியிலயும் இங்கயும் இருக்க அவரு என்ன அவதாரமா? நாலு மணிக்குள்ள ஒரு நூலாச்சும் கொண்டாங்க. பொறகு என் கையில இல்ல."

அந்த நூலைத் தேடித்தான் இந்தக் காற்றில் இந்த ஓட்டம்.

சரவணன் வீட்டை விசாரிக்கவே தேவையிருக்கவில்லை. மொட்டை மாடியிலிருந்து நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. காற்றுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் ஊளையிட்டது.

"துணி காயப்போடவா சார் இத்தனை கம்பி? பெரிய குடும்பமாட்ட இருக்குது."

"வாயை மூடிட்டு வா அம்மணி."

வீட்டில் இருந்தது சரவணன் ஒருவர் மட்டுமே. நாற்பது வயது, நெற்றியில் திருநீறு, துக்க வீட்டு முகம். "வாங்க, வாங்க. உக்காருங்க" என்றார். நஞ்சுண்டன் உட்காரவில்லை. அறைக்குள் நடக்க ஆரம்பித்தார். பிரியாதான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒரு சுவர் முழுக்க ரேடியோக்கள். நடுவில், சின்னப் பீரோ அளவுக்கு ஓர் அலுமினியப் பெட்டி. மேல்மூடியைத் திறந்து காட்டச் சொன்னதும் சரவணனின் முகத்திலிருந்த துக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளே சொம்பு பருமனில் இரண்டு வால்வுகள். விரல் கனத்துக்குச் செம்புக் குழாயை வளைத்துச் செய்த ஒரு சுருள். அதன் இரு பக்கமும் தகடு தகடாக இரண்டு கண்டென்சர்கள்.

"நானே செஞ்ச ஆம்ப்ளிஃபையருங்க. வால்வு பேசறது ஒரு பாஷை, மாடியில இருக்கிற கம்பிக்குப் புரியறது ஒரு பாஷை. நடுவுல இந்தச் சுருளும் ரெண்டு கண்டென்சரும் உக்காந்து மொழிபெயர்த்துக் குடுக்குது. இதை டிசைன் பண்றதுலதாங்க வித்தையே இருக்குது. மத்ததெல்லாம் வெறும் டப்பா."

"மொழிபெயர்ப்பு சரியில்லைன்னா?" என்று கேட்டாள் பிரியா.

"அப்பத்தான் ஹார்மோனிக் கிளம்பும். நான் பேசறது ஏழு மெகாஹெர்ட்ஸ்ல. ஏழாம் வாய்ப்பாடு மாதிரி பதினாலு, இருபத்தொண்ணு, இருபத்தெட்டுன்னு என் குரலோட குட்டிக மேல ஏறிக்கிட்டே போகும். அதுல ஏதாச்சும் ஒண்ணு டிவிக்காரன் ஊட்டு வாசல்ல போய் நின்னுக்கும். உடனே பக்கத்து ஊட்டுப் படத்துல கோடு கோடா விழும்." அவர் சிரித்தார். "கண்டென்சரைப் பெருசாக்கிச் சுருளைச் சுருக்குனா குட்டிக பாதி அடங்கிரும். ஆனா சுருள் சூடாகும், நாலு வாட்டு நட்டம். நான் வாட்டை விடமாட்டேனுங்க."

"கோடு விழறது இங்க இருந்தே எப்படித் தெரியும்?"

"அதுக்கு ஒரு மீட்டர் இருக்குதுங்க. பக்கத்து ஊட்டுச் சென்னியம்மா. கதவு இடிச்சுதுன்னா கோடு விழுந்துச்சுன்னு அர்த்தம். இடிக்கலைன்னா விழலைன்னு அர்த்தம். எங்கிட்ட இருக்கிற மீட்டர்லயே பிழை சொல்லாத மீட்டர் அது ஒண்ணுதான்."

நஞ்சுண்டன் நடையை நிறுத்தாமல் கேட்டார். "ஃபில்டர்னு ஒண்ணு போட்டாக் கோடு விழாதாமே?"

"போடலாங்க. ஏழைப் போகவிட்டு, டிவி பக்கம் ஏறுறதை மட்டும் மறிக்கிற சல்லடை அது. ரெண்டு வருசமா அந்தம்மாகிட்டப் போடறேன் போடறேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். போட்டதில்ல. எம் பொட்டிக்கும் கம்பிக்கும் நடுவுல இன்னொருத்தன் வந்து உக்கார்றது எனக்குப் புடிக்காது."

"ஞாயித்துக்கிழமையும் போடல?"

"எந்த ஞாயித்துக்கிழமையும் போட்டதில்ல."

பிரியாவின் கண் வேலை மேசையில் இருந்தது. அங்கே ஒரு பிஸ்கட் டப்பா. இரண்டு முனையிலும் வயர் மாட்டும் சாக்கெட். உள்ளே மூன்று செம்புச் சுருள்கள், ஒன்றுக்கொன்று தகட்டால் தடுத்து, அழகாக ஈயம் வைத்திருந்தது. ஆனால் இரண்டு சுருளை யாரோ ஆத்திரத்தோடு பிடித்து இழுத்துக் கோணலாக்கியிருந்தார்கள்.

"இதென்னங்க, பாதி புழிஞ்ச முறுக்காட்ட இருக்குது?"

சரவணனின் முகம் சுண்டியது. "அதுவும் ஃபில்டர்தான். காங்கேயத்துல ரசாக்குன்னு நம்ம நண்பருக்காகச் செஞ்சது. வேலை செய்யலை." டப்பாவை எடுத்து மேசைக்கடியில் வைத்தார்.

நஞ்சுண்டன் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றார். "ஞாயித்துக்கிழமை என்ன நடந்துச்சுன்னு ஒருக்காச் சொல்லிருங்க. நாங்க கிளம்பறோம்."

"வாராவாரம் எங்க சங்கத்துச் செய்தியை நாந்தான் ரேடியோவுல படிப்பேன். புல்லட்டின்னு சொல்லுவோம். அன்னைக்கும் படிச்சுக்கிட்டிருந்தேன். அந்தம்மா வந்து டிவியில கோடு கோடுன்னு கத்திக்கிட்டுக் கதவைப் போட்டு இடிக்குது. நடுவுல எந்திரிக்க முடியுமுங்களா? அப்படியே விட்டுட்டேன். அது மட்டும் வரலைன்னா இன்னைக்கு எனக்குச் சாட்சியே இருந்திருக்காது. சாமி புண்ணியம்."

தெருவுக்கு வந்ததும் நஞ்சுண்டன் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டார். "பொய் இருக்குது அம்மணி. ஊட்டுக்குள்ள நாத்தமே அடிக்குது. ஆனா கையில சிக்க மாட்டேங்குது."

"நல்ல மனுசனாட்டத்தான் பேசறாரு சார். சித்தப்பன் செத்து ரெண்டு நாள் ஆகல, சுருளைப் பத்திக் கேட்டதும் மூஞ்சி பல்பாட்ட எரிஞ்சதுதான் கொஞ்சம் நெருடுது."

"மணி என்ன?"

"ரெண்டே கால். பாக்காதீங்க, பாத்தா இன்னும் வேகமா ஓடும்."

சென்னியம்மாள் ஐம்பது வயதுக்காரி. காம்பவுண்டுக்குள் நாலு வீட்டை வாடகைக்கு விட்டுத் தானும் ஒன்றில் இருந்தாள். கூடத்தில் டிவிக்குப் பூப்போட்ட உறை. ஆடிக்கு அழைத்து வந்த மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க கண்ணு, உள்ள வாங்க. மோரு குடிக்கறீங்களா? அந்தச் சரவணன் பேச்சுன்னா மட்டும் எடுக்காதீங்க. மனுசனா அவன்?"

"ஒரே ஒரு கேள்விங்க" என்றார் நஞ்சுண்டன். "ஞாயித்துக்கிழமை கதவைத் தட்டுனப்போ உள்ள அவரு குரல் கேட்டது நெசந்தானுங்களா?"

"நெசந்தான். போலீஸ்காரருகிட்டயும் அதைத்தானே சொன்னேன். கணீர்னு என்னமோ படிச்சுக்கிட்டிருந்தான். நான் ஏனுங்க, ஏனுங்கன்னு தட்டோ தட்டுன்னு தட்டறேன். ஒரு வார்த்தை, ஒரு இருமலு? அவம்பாட்டுக்குப் படிச்சுக்கிட்டே இருந்தான். எனக்குப் பொக்குனு போயிருச்சு. திரும்பி வந்துபோட்டேன்."

அவ்வளவுதான். கடைசி நூலும் அறுந்தது. நஞ்சுண்டன் கும்பிட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தார். அவர் தோள் தொங்கிப்போனதைப் பார்க்கப் பிரியாவுக்குத் தாங்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற ரூத்தின் கை கண்முன்னால் வந்தது. அழுகை வந்தால் அவளுக்குக் குசும்புதான் வாயில் வரும்.

"அவரு கதவைத் தொறக்காததும் சரிதானுங்க அத்தை. நீங்க உலக்கையோட போயிருப்பீங்க, அதான் பயந்துட்டாரு."

"உலக்கை எதுக்கு கண்ணு? ஒப்புட்டுத் தட்டோட போனேன்."

நஞ்சுண்டன் வாசலில் அப்படியே நின்றார்.

"என்ன தட்டோட?"

"ஒப்புட்டுங்க. மக வந்திருக்குதேன்னு பருப்பும் வெல்லமும் பூரணம் வச்சு அன்னைக்குச் சுட்டேன். சூடா நாலு எடுத்துக்கிட்டு அவனுக்குக் குடுக்கலாம்னு போனேன்." சென்னியம்மாளுக்கு இப்போது நினைத்தாலும் ரோசம் வந்தது. "ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழமை படத்தை நான் முழுசாப் பாத்ததில்லீங்க. இவன் பேச ஆரமிச்சான்னாத் திரையெல்லாம் பாய் விரிச்ச மாதிரி கோடு. நானும் போயிப் போயிக் கதவை இடிப்பேன். அன்னைக்கு இவன் குரலு செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்குது, படத்துல ஒரு கோடு விழுகல. எம் மகளே கேட்டா, என்னம்மா டிவியை மாத்திப்போட்டீங்களான்னு. செரி, கடைசியா அந்த மனுசன் நமக்காக என்னமோ செஞ்சிருக்கான், நாமளும் ஒரு வார்த்தை நன்றி சொல்லோணும்னு போனேன். சண்டைக்குப் போனப்பெல்லாம் கதவைத் தொறந்தவன், ஒப்புட்டோட போனாத் தொறக்கல!"

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"கேட்டாங்களா? குரலு கேட்டுச்சான்னு கேட்டாங்க. கேட்டுச்சுன்னேன். எதுக்குப் போனேன்னு யாரு கேட்டா? கதவைத் தட்டுனாவே நான் சண்டைக்காரின்னு ஊரே முடிவு பண்ணி வச்சிருக்குது."

நஞ்சுண்டன் திரும்பி வந்து அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒப்புட்டு மிச்சம் இருக்குதுங்களா?"

முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் இருவரும் நெருக்கியடித்து நுழைந்தார்கள். பிரியாவின் கையில் வாழையிலை மூடிய தட்டு. காற்று கண்ணாடிக் கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தது.

காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் ரசாக், இன்ஸ்பெக்டர் சொன்ன நாற்பது பேரில் ஒருவர். இன்ஸ்பெக்டர் கொடுத்த நம்பரைப் பிரியா போட, முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஃபில்டருங்களா? நான் எதுவும் கேக்கலையே. சரவணன் சாராவது, ஃபில்டர் செய்யறதாவது! வாட்டு ஒண்ணு கொறஞ்சாலே அவருக்குச் சோறு எறங்காது."

"ஞாயித்துக்கிழமை புல்லட்டின் எப்படி இருந்துச்சு பாய்?"

"பள்ளிவாசலாட்ட அமைதியா இருந்துச்சுங்க! மத்த வாரமெல்லாம் நடுவுல மடார் மடார்னு அந்தக் கதவுச் சத்தம் மைக்குல வரும். 'ஒரு நிமிசம் இருங்க, என் மீட்டரு வந்திருக்குது'ன்னு சரவணன் எந்திரிச்சுப் போவாரு. நாங்கெல்லாம் அதுக்காகவே கேப்போம். இந்த வாரம் அந்தம்மா வரலையாட்ட இருக்குது, ஒரு சத்தமும் இல்ல. முடிச்சதும் ரெண்டு பேச்சுப் பேசலாம்னு இருந்தேன். ஆனா செய்தியோட கடைசியிலயே கரண்டு சரியில்ல, இத்தோட நிறுத்திக்கறேன்னு சொல்லி மூடிட்டாரு."

பிரியா ரிசீவரை வைத்தாள்.

"சார், அந்தம்மா தட்டோ தட்டுன்னு தட்டியிருக்குது. ஆனா காங்கேயத்துல ஒரு சத்தமும் கேக்கல."

"ஏன்னா அங்க மைக்கே இல்ல. டேப்பு ஓடியிருக்குது. டேப்பு வயரு நேரா ரேடியோவுக்குள்ள, ஸ்பீக்கர் ஊட்டுக்குள்ள. ஊருக்கும் குரலு, பக்கத்து ஊட்டுக்கும் குரலு." நஞ்சுண்டன் மூச்சு வாங்கினார். "எல்லாம் செஞ்சான். ஒண்ணே ஒண்ணுக்குத்தான் பயந்தான். கோடு விழுந்தா சென்னியம்மா வந்து இடிக்கும், தொறக்க ஆளில்ல, மாட்டிக்குவோம். அதுக்காக ரெண்டு வருசமாச் செய்யாத ஃபில்டரை அன்னைக்குச் செஞ்சு மாட்டிட்டுப் போயிருக்கான்."

"சண்டைக்கு வரக்கூடாதுன்னு செஞ்சான். அதுவே அந்தம்மாவை நன்றி சொல்லக் கூட்டிட்டு வந்துருச்சு" என்றாள் பிரியா. பிறகு அவள் முகம் வாடியது. "ஆனா இதெல்லாம் நம்ம பேச்சு சார். அந்தாளு இல்லைன்னு சாதிச்சா? டேப்பை எப்பவோ அழிச்சிருப்பாரே."

"ஏன் அந்த ஃபில்டரைப் பிச்சுப்போட்டிருந்தான்? அதை யோசிச்சுக்கிட்டே இன்ஸ்பெக்டருக்குப் போனைப் போடு."

ஷேக் பரீத் ஜீப்பில் வந்தார். முகத்தில் நம்பிக்கை துளியும் இல்லை. "கோர்ட்டுக்கு வண்டி ரெடியா நிக்குது நஞ்சுண்டன். ஒப்புட்டை வச்சுக் கேஸை உடைக்கப் போறீங்களா?"

"நீங்க ஒரு ரெண்டு நிமிசம் கதவுக்குப் பொறகால நில்லுங்க. பேசாதீங்க. அது போதும்."

சரவணன் மறுபடி அவர்களைப் பார்த்தபோது பேச்சில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. "இன்னும் என்னங்க?"

"ஒரு சின்னச் சந்தேகம். அந்தப் பிஸ்கட் டப்பா ஃபில்டர். ஏன் அதைப் பிச்சுப்போட்டீங்க?"

"அதான் சொன்னேனே, வேலை செய்யலை."

"ரசாக் பாய் அப்படி எதுவும் கேக்கலைங்கறாரு."

"திடீர்னு கொண்டுபோய்க் குடுக்கலாம்னு இருந்தேன்." பதில் சட்டென்று வந்தது. ஆள் லேசுப்பட்டவரில்லை.

வெளியே ஜீப்பின் வயர்லெஸ் கரகரத்தது. நஞ்சுண்டன் மட்டும் இப்போது நடக்கவில்லை, ஒரே இடத்தில் நின்றார்.

"எனக்கென்னமோ அது நல்லாவே வேலை செஞ்சுதுன்னு தோணுது."

சரவணன் சிரித்தார். "ரேடியோவைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க மீட்டரோட ரீடிங்கைக் கொண்டாந்திருக்கேன்." அவர் கையைக் காட்ட, பிரியா தட்டின் மேலிருந்த வாழையிலையை எடுத்தாள். "ஞாயித்துக்கிழமை சென்னியம்மா இந்தத் தட்டைத்தான் தூக்கிட்டு வந்து கதவைத் தட்டுனாங்க. படத்துல ஒரு கோடு விழலையாம். உங்களுக்கு நன்றி சொல்ல வந்தாங்களாம்."

சரவணன் ஒப்புட்டைப் பார்த்தார். நஞ்சுண்டனைப் பார்த்தார். மறுபடியும் ஒப்புட்டைப் பார்த்தார்.

"கோடு விழலையா?"

"ஒண்ணு கூட."

அந்த முகத்தில் அப்போது வந்ததைப் பிரியா வெகுநாள் மறக்கப்போவதில்லை. பயம் வரவில்லை. பரீட்சையில் தோற்றுவிட்டோம் என்று அழுதுகொண்டிருந்தவனுக்குப் பாஸ் என்று தந்தி வந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சந்தோஷம். அவர் மேசைக்கடியில் குனிந்து டப்பாவை வெளியே இழுத்தார். கோணிப்போன சுருளை விரலால் தடவினார்.

"அப்ப என் கணக்கு சரி! ஒரு சுத்துக்கூடத் தப்பில்ல! அநியாயமாப் பிச்சுப்போட்டேனே. அந்தம்மா வந்து தட்டுச்சுன்னு இன்ஸ்பெக்டர் சொன்னதும், சரி, ஃபில்டர் ஊத்திக்கிச்சு போலன்னு நான்..."

அவர் நிறுத்தினார். நுணலும் தன் வாயால் கெடும். கத்தி முடித்த பிறகுதான் அது தவளைக்கே தெரியும்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஷேக் பரீத் வந்தார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "எந்த ஃபில்டருங்க? எந்த ஞாயித்துக்கிழமையும் போடலைன்னு சொன்னீங்களாமே? அது போகட்டும். அந்தம்மா கதவைத் தட்டுனது நான் வந்து சொல்லித்தான் உங்களுக்குத் தெரியுமா? ஊட்டுக்குள்ள இருந்த ஆளுக்கு?"

சரவணன் சுருளைப் பழைய வடிவத்துக்கு அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரியா அலுமினியப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். டேப்ரிக்கார்டரிலிருந்து கிளம்பிய வயர் ஒன்று ரேடியோவின் முதுகில் இன்னும் செருகியே இருந்தது. பக்கத்தில், தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு மாட்டுகிற டைமர் ஒன்று. எந்த நேரத்துக்குத் திருகி வைத்தாலும் அந்த நேரத்துக்கு எழுந்து வேலையைத் தொடங்கும் விசுவாசி.

"சார், பயிருக்குத் தண்ணி பாய்ச்சற டைமரு இங்க என்ன பண்ணுது? ரேடியோவுல நெல்லா போட்டிருக்காரு?"

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

"புதன்கிழமை வந்தாப் பவுண்டரி போயிருமுங்க" என்றார் சரவணன், யாரையும் பார்க்காமல். "பத்து வருசம். ஒவ்வொரு அச்சும் என் கையில டிசைன் பண்ணுனது." பிறகு, இன்ஸ்பெக்டர் தோளில் கை வைத்தபோது, மறுபடியும் கேட்டார். "முழுப் படத்துக்கும் ஒரு கோடு கூட விழலையாமா?"

ஷேக் பரீத் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு அவரை ஒப்படைத்துவிட்டு ஜீப்புக்கு ஓடினார். பின்னாலேயே பிரியாவும் நஞ்சுண்டனும் ஓடினார்கள். காற்றுக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"டேவிட்சன் வண்டி கிளம்பிருச்சா?"

வயர்லெஸ் கரகரவென்று இழுத்தது. ஒரு நொடி வெறும் இரைச்சல். பிரியா கையில் இருந்த தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஏத்தியாச்சுங்க ஐயா. கேட்டுகிட்ட நிக்குது."

"எறக்கு. ஆளை உள்ள கூட்டிட்டுப் போ. நான் வாரேன்."

"சரிங்க ஐயா." மறுபடியும் இரைச்சல். "ஐயா, அந்தாளு சம்சாரம் மத்தியானத்துல இருந்து ஸ்டேஷன் வாசல்லயே நிக்குதுங்க. பெஞ்சு போட்டும் உக்கார மாட்டேங்குது. என்ன சொல்லட்டுமுங்க?"

ஷேக் பரீத் நஞ்சுண்டனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

"இனி உக்காரலாம்னு சொல்லுய்யா."

நஞ்சுண்டன் சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலி எதுவும் இல்லை. சென்னியம்மாள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் வெறும் மண்ணில் வேட்டியோடு உட்கார்ந்தார். பிரியா பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை நடுவில் வைத்தாள்.